கப்பலா, பனிப்பாறையா?





கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நம் சபை வாலிபர் ஒருவர் சென்ற வாரம் குருமனைக்கு வந்தார். கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், செயின்ட் ஜான்ஸ் நகரத்தில், பொறியியலில் மேற்படிப்புப் படிக்கிறவர் அவர். என்ன படிக்கிறாய் தம்பி என்று நான் கேட்டதற்கு, வாயால் விடை சொல்லாமல் மடிக்கணினியைத் திறந்து ஒரு சாம்பல் நிறச் சதுரத்தைக் காட்டினார். அகலத்தில் 75 புள்ளிகள், உயரத்தில் 75 புள்ளிகள். அவ்வளவே அந்தப் படம். அதன் நடுவில் அரிசி மணி போன்ற ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது.

"ஐயா, இது கப்பலா, பனிப்பாறையா? சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

திட்டு சற்று நீளமாகத் தெரிந்தது. கப்பல் என்றேன். பனிப்பாறை என்றார். அடுத்த படத்தைப் பனிப்பாறை என்றேன். அது கப்பல். இவ்வாறு பத்துப் படங்கள் காட்டினார். ஐந்தில் சரியாகச் சொன்னேன். "நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே மார்க்குதான் ஐயா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த வாலிபர் கடலைக் குறித்து விளக்கியவை, சென்ற லெந்து காலத்தில் நம் சபையில் நடந்த ஒரு காரியத்தை எனக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டின. அதை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். முதலில் கடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வட அட்லாண்டிக் கடலில் மிதந்து வரும் பனிப்பாறைகளில் பெரும்பாலானவை கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பனியாறுகளிலிருந்து உடைந்து விழுபவை. அவை பாஃபின் விரிகுடாவைச் சுற்றி, லாப்ரடார் என்னும் குளிர்ந்த நீரோட்டத்தில் இறங்கி, ஓராண்டோ இரண்டாண்டோ அதற்கு மேலோ பயணம் செய்து, நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே கப்பல்கள் செல்லும் பாதையை வந்தடைகின்றன. குளிர்ந்த நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமும் அங்கே சந்திப்பதால் அப்பகுதி அடர்ந்த மூடுபனிக்குப் பெயர்பெற்றது. பாறைகள் மிகுதியாய் வரும் வசந்த காலமும் கோடையின் தொடக்கமுமே மூடுபனியின் காலமும் ஆகும். எத்தனை வரும் என்றும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 1984ஆம் ஆண்டில் 48ஆம் அட்சரேகையைக் கடந்து தெற்கே வந்தவை 2,000க்கும் அதிகம். 1966இல் ஒன்றுகூட வரவில்லை.

பனிப்பாறை என்றவுடன் டைட்டானிக் கப்பலே நம் நினைவுக்கு வரும். அது மோதிய 1912 ஏப்ரல் 14ஆம் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கப்பலில் ஆராதனை நடந்தது; மாலையில் இரண்டாம் வகுப்புப் பயணிகள் கூடி ஞானப்பாட்டுகள் பாடினார்கள். இரவு 11.40 மணிக்குக் கப்பல் பாறையில் உரசியது. மறுநாள் விடியுமுன் ஏறத்தாழ 1,500 பேர் மடிந்தார்கள்.

அந்தக் கப்பலுக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. அன்றைய பகலிலும் இரவிலும் வேறு கப்பல்களிலிருந்து பனியைக் குறித்த கம்பியில்லாத் தந்திச் செய்திகள் பல வந்தன. ஒரு செய்தியைக் கப்பல் தலைவர் தம் நிறுவனத்தின் தலைவரிடம் கொடுக்க, அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொரு செய்தி, பயணிகளின் தந்திகளை அனுப்பும் மும்முரத்தில், கப்பலை நடத்தும் மேல்தளத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அருகே பனியில் சிக்கி நின்றுவிட்ட கலிஃபோர்னியன் என்னும் கப்பல் தன் நிலையைச் சொல்ல முற்பட்டபோது, வேலை மிகுதியாய் இருக்கிறது, இடையில் பேசாதே என்று பதில் போயிற்று. பாய்மர உச்சியில் காவலிருந்தவர்களிடம் தொலைநோக்கி இல்லை. நிலவும் இல்லை, கடலோ கண்ணாடி போல் அசைவற்றிருந்தது. காற்றும் அலையும் இருந்தால் பாறையின் அடியில் வெண்ணுரை தெரியும். அன்று அதுவும் இல்லை.

அன்பானவர்களே, பனிப்பாறையைக் குறித்துப் பிரசங்கிப்போர் பெரும்பாலும் நீருக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியைத்தான் பேசுவார்கள். எட்டில் ஏழு பங்கு நமக்குத் தெரியாமல் அடியில் இருக்கிறது; அப்படியே மனிதனின் உள்ளமும் என்பார்கள். நானும் பலமுறை அவ்வாறே பிரசங்கித்திருக்கிறேன். அது உண்மையும்கூட. ஆனால் டைட்டானிக்கைக் கவிழ்த்தது மறைந்திருந்த செய்தி மட்டுமா? வெளிப்படையாய் வந்திருந்த செய்திகளே ஒருவர் கையில் ஒன்றும் இன்னொருவர் பையில் ஒன்றுமாகக் கிடந்தன. அவற்றை ஒரே மேசையின்மேல் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. பார்த்திருந்தால், கப்பலின் பாதைக்குக் குறுக்கே பனி கிடப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த விபத்துக்குப் பின் கடல் நாடுகள் ஒன்றுகூடி 1914இல் சர்வதேசப் பனி ரோந்து அமைப்பை ஏற்படுத்தின. அமெரிக்கக் கடலோரக் காவற்படை அதை இன்றுவரை நடத்தி வருகிறது. அதே 1914 ஏப்ரலில், ரெஜினால்ட் ஃபெசன்டன் என்னும் கனடியக் கண்டுபிடிப்பாளர் மயாமி என்ற காவற்கப்பலில் ஏறிச் சென்று, நீருக்குள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவிலிருந்த பனிப்பாறையைக் கண்டறிந்து காட்டினார். இவர் ஓர் ஆங்கிலிக்கன் குருவானவரின் மகன் என்பதை அறிந்தபோது எனக்குள் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாயிற்று. அதுவரை கண்ணை மட்டும் நம்பியிருந்த கடலோடிகளுக்குக் காது ஒன்று கிடைத்தது.

பின்பு ரேடார் வந்தது. இனிக் கவலையில்லை என்று பலரும் எண்ணினார்கள். 1959 ஜனவரியில் ஹான்ஸ் ஹெட்டாஃப்ட் என்னும் புத்தம் புதிய டென்மார்க் கப்பல், தன் முதற்பயணத்தில், கிரீன்லாந்திலிருந்து 95 பேரோடு திரும்பிக்கொண்டிருந்தது. பனிக்கடலுக்கென்றே கட்டப்பட்ட கப்பல் அது, ரேடாரும் இருந்தது. கிரீன்லாந்தின் தென்முனைக்கு அப்பால், கடும் புயலில், பனிப்பாறையில் மோதிவிட்டோம் என்று ஜனவரி 30ஆம் தேதி செய்தி அனுப்பியது. அதன் பிறகு எவரும் உயிருடன் கிடைக்கவில்லை. மாதங்கள் பல கழித்து ஓர் உயிர்காப்பு வளையம் மட்டும் ஐஸ்லாந்தில் கரையொதுங்கியது. அன்று அந்தக் கப்பலின் ரேடார் எதைக் காட்டியது என்று சொல்ல ஒருவரும் மீதியாய் இல்லை.

ரேடாரில் என்ன குறை என்று வாலிபரிடம் கேட்டேன். அவர் விளக்கினார். ரேடார் அனுப்பும் அலையை இரும்புக் கப்பல் பலமாய்த் திருப்பி அனுப்பும். பனிக்கட்டியோ அதைவிடப் பல மடங்கு குறைவாகவே திருப்பும். புயல் நேரத்தில் கடல் அலைகளே அதைவிட உரக்க எதிரொலிக்கும். ஆகையால் சிறு பாறைகள் அந்த இரைச்சலுக்குள் மறைந்துபோகும். நீர்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட உயராமல் மிதக்கும் கட்டிகளைக் கடலோடிகள் 'குரோலர்' என்பார்கள். உறுமுகிறது என்று பொருள். பார்வைக்குச் சிறியதாயினும் அது பல டன் எடையுள்ளது. கப்பலின் பக்கத்தைப் பிளக்க அது போதும். பெரிய பாறையை எவரும் கண்டுகொள்வர். அதிலிருந்து உடைந்து விழுந்த குரோலரே மாலுமிகளை அச்சுறுத்துகிறது.

இப்பொழுது பூமிக்கு மேலே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள்களும் கடலைப் பார்க்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் கோள் 2014இல் ஏவப்பட்டது; கனடாவின் மூன்று ரேடார்சாட் கோள்கள் 2019இல் ஒன்றாக ஏவப்பட்டன. இவற்றுக்கு இருளும் மேகமும் மூடுபனியும் தடையல்ல. ஆனால் அவற்றின் படத்தில் கப்பலும் வெண்புள்ளி, பனிப்பாறையும் வெண்புள்ளி. ஆகவே அலையைக் கிடைத்தளத்தில் அனுப்பி, திரும்பி வருவதைக் கிடைத்தளத்திலும் செங்குத்துத் தளத்திலும் தனித்தனியே அளக்கிறார்கள். இரும்பின் மேல் பட்டு வருவதும் பனிக்குள் சிறிது புகுந்து சிதறி வருவதும் ஒன்றுபோல் இராது. இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் சில வேளைகளில் வேறுபாடு தெரியும். எனக்குக் காட்டப்பட்டவை அத்தகைய படங்களே. 2017இல் நார்வேயின் ஸ்டாட்டாயில் நிறுவனமும் செயின்ட் ஜான்ஸ் நகரின் சி-கோர் ஆய்வு நிறுவனமும் இப்படிப்பட்ட படங்களை உலகத்துக்குத் திறந்து வைத்து, கணினியைக் கொண்டு கப்பலையும் பாறையையும் பிரித்துக் காட்டுவோர் உண்டா என்று ஒரு போட்டியே நடத்தினவாம்.

சாதாரண ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோள்களும் உண்டு. அவற்றின் படம் தெளிவானது. பாறையின் வெண்மையும் நிழலும் தெரியும். ஆனால் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. விமானம் நேரில் சென்று பார்க்கும். ஆனால் பரந்த கடல் முழுவதையும் தினமும் பார்க்க இயலாது. இவை தவிர, பெரிய கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் வானொலி அலையில் தாமே ஓயாமல் அறிவித்துக்கொண்டே செல்லும் ஒரு முறை இருக்கிறது. ஏ.ஐ.எஸ். என்பது அதன் சுருக்கப்பெயர். செயற்கைக்கோள் படத்தில் ஒரு வெண்புள்ளி; அதே இடத்திலிருந்து ஒரு கப்பல் தன் பெயரைச் சொல்கிறது என்றால், அது கப்பல். பெயர் சொல்லாத புள்ளி பனிப்பாறையாய் இருக்கலாம். அறிவிக்கும் கருவி இல்லாத சிறு மீன்பிடிப் படகாகவும் இருக்கலாம்.

இவ்வாறு ஒவ்வோர் உணரியும் ஒன்றைக் காண்கிறது, ஒன்றைக் காணத் தவறுகிறது. அவை தருவனவற்றை ஒன்றாய்ச் சேர்த்து உண்மையை ஊகிப்பதுதான் அந்த வாலிபரின் படிப்பு. சேர்ப்பதிலும் ஒழுங்கு உண்டு என்று அவர் மூன்று காரியங்களைச் சொன்னார். அவற்றை நான் என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது, காலம். காலை ஆறு மணிக்குச் செயற்கைக்கோள் பார்த்த பாறையும் நண்பகலில் விமானம் பார்த்த பாறையும் ஒன்றுதானா? பாறை அதே இடத்தில் நிற்பதில்லை. நீரோட்டமும் காற்றும் அதை நகர்த்துகின்றன. ஆகவே காலையில் கண்டதை நண்பகல் வரைக்கும் கணக்கால் நகர்த்தி வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். பழைய செய்தியைப் புதியதுபோல் வைத்தால் ஒரு பாறை இரண்டாகிவிடும். அல்லது இரண்டு பாறைகள் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, சாட்சிகள் தனித்தனியாய் இருக்க வேண்டும். ஓர் உணரி பத்துப் பாறைகளில் மூன்றைத் தவறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு வகையில் இயங்கும் மற்றோர் உணரியும் பத்தில் மூன்றைத் தவறவிடுகிறது. ஒன்றின் குறைக்கும் மற்றதன் குறைக்கும் தொடர்பில்லையென்றால், இரண்டும் சேர்ந்து தவறவிடுவது நூற்றில் ஒன்பது மட்டுமே. ஆனால் இரண்டும் ஒரே மூடுபனியில் குருடாகுமானால், இரண்டு இருந்தும் பயன் பெரிதாய் இல்லை. ஒரே கண்ணை இரண்டு தரம் எண்ணியதாகவே முடியும்.

மூன்றாவது, எதற்கு எவ்வளவு எடை என்பது. ஏதேனும் ஓர் உணரி கூக்குரலிட்டால் போதும் என்றால் பொய் எச்சரிக்கைகள் பெருகும். பெருகினால் மாலுமிகள் எதையும் நம்பாமல் போவார்கள். எல்லாம் ஒருசேரச் சொன்னால்தான் நம்புவோம் என்றால் உண்மையான பாறை தப்பிப்போகும். பொய் எச்சரிக்கையின் விலை சற்றுச் சுற்றிப் போவது. தவறவிடுவதன் விலையோ உயிர். ஆகையால் ஐயமுள்ள புள்ளி என்றால், அதை மறுபடியும் பார்க்க ஏற்பாடு செய்கிறார்கள். தேவையானால் விமானம் நேரில் போகிறது. இப்படிச் சேர்த்தெடுத்ததைக் கொண்டே பனி ரோந்து அமைப்பு, பனிக்காலம் நெடுக, பாறைகளின் எல்லைக்கோட்டை வரைந்து கப்பல்களுக்குத் தினமும் அனுப்புகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனம் கடலில் இல்லை. நம் சபையின் ஒரு சகோதரரிடம் போய் நின்றது. அவருடைய சம்மதத்தோடும், அவர் இன்னாரென்று விளங்காதபடி சிலவற்றை மாற்றியும் இதை எழுதுகிறேன்.

அவர் சிறிய கடை வைத்திருந்தார். பாடகர் குழுவில் பாடுவார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருவார். ஆராதனை முடிந்து வாசலில் நான் நின்று கைகொடுக்கும்போது, எல்லாரையும்விட அழுத்தமாய் என் கையைப் பற்றிச் சிரிப்பார். என் கண்ணுக்கு அவர் மேகமற்ற நாளின் ஒளிப்படம்போல் அத்தனை தெளிவாய் இருந்தார். என் சபையில் யாரைப் பற்றிக் கவலையில்லை என்று கேட்டிருந்தால், முதலில் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

லெந்து காலத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு அவர் மனைவி தொலைபேசியில் அழுதார்கள். கைப்பேசியையும் கடைச் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டு, மாலையில் வெளியே போனவர் திரும்பவில்லை. ஒரு தாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று மட்டும் எழுதியிருந்தார்.

அன்றிரவு அந்த வீட்டில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். அப்போதுதான் ஒவ்வொருவரும் வாய் திறந்தார்கள். சபைப் பொருளாளர், நான்கு மாதமாய் அவர் சங்கக் காணிக்கை கட்டவில்லை, இருபது ஆண்டுகளில் இதுவே முதல்முறை என்றார். என் மனைவி, அந்த அம்மாவின் கைகளில் வளையல்கள் இல்லாததைப் புத்தாண்டு ஆராதனையிலேயே கவனித்தேன் என்றார். ஆலய மணியடிக்கிற பெரியவர், விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் அவர் தனியாய் உட்கார்ந்திருந்ததை மூன்று முறை பார்த்தேன் என்றார். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை மிகவும் தயங்கிச் சொன்னார். ஜெபக் குறிப்பு உண்டா என்று பிள்ளைகளைக் கேட்கும்போதெல்லாம், அவருடைய இளைய மகள், "அப்பா ராத்திரி தூங்கணும்" என்று சொல்லுமாம். சிறு பிள்ளையின் பேச்சென்று ஆசிரியை அதைக் குறித்துவைத்து ஜெபித்ததோடு விட்டுவிட்டார்.

நான்கு பேரிடம் நான்கு குறிப்புகள். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. காணிக்கை எவருக்கும் பிந்தும். வளையலை யாரும் கழற்றி வைப்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் அமர்ந்து ஜெபிப்போர் உண்டு. ஒவ்வொரு குறிப்பையும் அவரவர் கடலிரைச்சல் என்று தள்ளிவிட்டார்கள். நான்கையும் ஒரே மேசையில் முதன்முறையாய் வைத்தது அந்த இரவில்தான். அதற்குள் கப்பல் மோதியிருந்தது.

தேவனுடைய கிருபை பெரிது. மூன்றாம் நாள் தொலைதூரத்து ஊர் ஒன்றின் ரயில் நிலைய நடைமேடையில் அவரை ஓர் உறவினர் அடையாளம் கண்டு அழைத்துவந்தார். கடையின் பேரில் வாங்கிய கடன் அவர் தலைக்குமேல் போயிருந்தது. வட்டிக்கு வட்டி கட்டியிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான் அவர் அருகில் உட்கார்ந்து, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் பாத்தீங்க ஐயா. ஒருத்தரும் கேக்கலையே" என்றார்.

அந்த மூன்று நாட்களில் இன்னொன்றும் நடந்தது. சபையின் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார் என்று ஊரில் பேச்சுப் பரவியது. பத்துப் பேர் என்னிடம் அதையே சொன்னார்கள். பத்துச் சாட்சிகள் அல்லவா என்று ஒரு கணம் என் மனமும் தடுமாறியது. ஒவ்வொருவரிடமும், நீங்கள் யாரிடம் கேட்டீர்கள் என்று விசாரித்துக்கொண்டே போனேன். பத்துப் பேரும் ஒரே வாயில் வந்து முடிந்தார்கள். அந்த வாய்க்குரியவரும் கண்டதொன்றுமில்லை, ஊகித்ததே. பொருளாளர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இரண்டு அல்லது மூன்று சாட்சிகளின் வாக்கினாலே காரியம் நிலைவரப்பட வேண்டும் என்று உபாகமம் 19ஆம் அதிகாரத்தில் மோசேயின் மூலம் கட்டளையிடப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஒரே பேச்சைப் பத்துப் பேர் திருப்பிச் சொல்வது பத்துச் சாட்சியாகாது. ஒரே கண்ணைப் பத்துத் தரம் எண்ணுவது அது. புறங்கூறுதலும் மேய்ப்பனின் விழிப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும், பிரியமானவர்களே. இரண்டிலும் பலர் பலவற்றைச் சேர்த்துப் பேசுகிறார்கள். கண்டதைச் சொல்கிறோமா, கேட்டதைச் சொல்கிறோமா என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

அந்த நாட்களில் சாமுவேலின் முதலாம் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். சீலோவிலே அன்னாள் மனங்கசந்து அழுது ஜெபிக்கிறாள். ஆசாரியனாகிய ஏலி ஆலய வாசலில் உட்கார்ந்து அவள் வாயைக் கவனிக்கிறான். உதடுகள் அசைகின்றன, சத்தமோ கேட்கவில்லை. கண் ஒன்றைச் சொன்னது, காது ஒன்றைச் சொன்னது. இரண்டையும் சேர்த்து அவள் வெறித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினான். ஏலி கவனியாமல் இருந்தான் என்று அவன்மேல் குற்றம் சாட்ட முடியாது. கூர்ந்து கவனித்தான், இரண்டு அடையாளங்களைச் சேர்த்தும் பார்த்தான், ஆனாலும் தவறினான். அவன் செய்யத் தவறியது ஒன்றே. அவளைக் கேட்கவில்லை. கடிந்துகொண்ட பிறகு அவளே வாய் திறந்து தன் விசாரத்தைச் சொன்னாள். அப்பொழுது ஏலி தன் முடிவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அவளை ஆசீர்வதித்து, சமாதானத்தோடே அனுப்பினான். தவறிய ஆசாரியன் உடனே திருந்தியதற்காக நான் அவனை நேசிக்கிறேன்.

கடலுக்கும் சபைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் எனக்குத் தெரிகிறது. பனிப்பாறையால் பேச முடியாது. ஆகையால் அதைச் சுற்றி வானத்திலும் விமானத்திலும் கப்பலிலும் இத்தனை கருவிகளை வைத்து, கணக்கிட்டு ஊகிக்கிறார்கள். மனிதனோ பேசக்கூடியவன். அன்போடு அருகில் சென்று கேட்டால் தன் பெயரையும் தன் நிலையையும் சொல்லக்கூடியவன். நாம் சேர்த்துப் பார்க்கும் அடையாளங்களெல்லாம் அவனைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல. யார் வீட்டுக் கதவை இன்று தட்ட வேண்டும் என்று அறிவதற்கே. கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர். அவருக்குச் சாட்சிகள் தேவையில்லை. நாமோ முகத்தைப் பார்க்கிறவர்கள். முகம் மட்டுமே நமக்குத் தெரியும் என்பதால்தான் நமக்குப் பல கண்கள் வேண்டும். சரீரம் ஒரே அவயவமல்ல, கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருள் இந்த வயதில்தான் எனக்குச் சற்று விளங்குகிறது. மணியடிக்கிற பெரியவர் கண்டது எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. மேய்ப்பன் நான், எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

இப்பொழுது மாதந்தோறும், திருவிருந்து ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை மாலையில், நாங்கள் ஐந்து பேர் கால்மணி நேரம் கூடி உட்காருகிறோம். சில ஒழுங்குகளை வைத்திருக்கிறோம். தானே கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். பிறர் சொல்லக் கேட்டது அங்கே வரக்கூடாது. எப்போது கண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு முந்தின துக்கத்தை இன்றைய துக்கமாக எண்ணக்கூடாது. நம்பி ஒருவரிடம் அந்தரங்கமாய்ச் சொல்லப்பட்டது அந்த மேசைக்கு ஒருபோதும் வராது. பேசியது அந்த அறையை விட்டு வெளியே போகாது. முடிவில் ஜெபித்து, யாரை யார் சந்திப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கிறோம்.

இரண்டு முறை நாங்கள் தவறியிருக்கிறோம். பெரிய துயரம் என்று எண்ணி ஒரு வீட்டுக்குப் போனேன். பல் பிடுங்கியதால்தான் அந்தச் சகோதரி இரண்டு வாரம் பாடவில்லையாம். எல்லாரும் சிரித்து, காப்பி கொடுத்து அனுப்பினார்கள். அதில் எனக்கு நட்டமொன்றுமில்லை. தேவையில்லாமல் ஒரு வீட்டில் காப்பி குடித்ததற்காக ஆண்டவர் என்னிடம் கணக்குக் கேட்கமாட்டார். தட்டாமல் விட்ட கதவுக்குக் கேட்பார்.

அந்தச் சகோதரர் கடையை விற்று, கடனில் பெரும்பகுதியை அடைத்து, இப்பொழுது வேறொரு கடையில் வேலைக்குப் போகிறார். மீதிக் கடன் இன்னும் இருக்கிறது. சில மாதங்கள் பாடகர் குழுவுக்கு வரவில்லை; சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனையில் மறுபடியும் வந்து நின்றார். வாசலில் முன்போலவே என் கையை அழுத்தமாய்ப் பிடித்தார். நான் உடனே விடவில்லை. "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டேன். "சில நாள் வருது ஐயா. சில நாள் வரலை" என்றார். அவ்வளவு உண்மையான விடையை அந்த வாசலில் நான் அதற்குமுன் பெற்றதில்லை.

இந்த வாரம் உங்கள் நினைவுக்கு வருகிற ஒருவர் இருக்கலாம். அவரிடம் நீங்கள் ஏதோ ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சின்னக் காரியம் என்று விட்டிருப்பீர்கள். அதைப் பிறரிடம் பேசுமுன் அவரிடமே போங்கள். போய்க் கேளுங்கள்.

ஜெபிப்போம்: இருதயங்களை ஆராய்ந்தறிகிற எங்கள் பரம தகப்பனே, நாங்கள் பார்த்தும் கேளாமல் விட்ட எங்கள் சகோதர சகோதரிகளுக்காக உம்முடைய சமுகத்தில் மனம் வருந்துகிறோம். ஒருவர் கண்டதை ஒருவர் மதிக்கும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். புறங்கூறும் நாவினின்று எங்களைக் காத்துக்கொள்ளும். இரவில் உறக்கமின்றி விழித்திருப்போரை நினைத்தருளும். அவர்களுடைய கதவண்டைக்கு எங்களில் ஒருவரை அனுப்பும். கிருபையாய்ப் போகிறவர்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.